ஹெபடைட்டிஸ் பி: டி.என்.ஏ. தடுப்பூசி பற்றி வாசகர் கேள்விகள்

இப்போது போடப்படும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கும் டி.என்.ஏ. தடுப்பூசிக்கும் என்ன வேறுபாடு?

இன்று குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசியில் இருப்பது, ஈஸ்ட் செல்களில் உற்பத்தி செய்து பிரித்தெடுத்த, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். டி.என்.ஏ. தடுப்பூசியிலோ புரதம் இருக்காது. அதை உருவாக்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டி.என்.ஏ.வில் வைத்துத் தசையிலோ தோலிலோ செலுத்துவார்கள், நம் செல்களே புரதத்தை உருவாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் புரதம் பெரும்பாலும் எதிர்ப்பொருளையே (ஆன்டிபாடி) தூண்டுகிறது. செல்லுக்குள் உருவாகும் புரதத்தின் துண்டுகள் செல்லின் மேற்பரப்பில் காட்டப்படுவதால், தொற்றுள்ள செல்களை அழிக்கும் சி.டி.8 டி செல்களும் தூண்டப்படுகின்றன. ஆய்வாளர்களை இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் பிடித்துவைத்திருப்பது இந்த இரண்டாவது பலன்தான்.

எலிகளில் நன்றாக வேலை செய்தது என்கிறார்களே, மனிதர்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

1993-இல் எலித் தசையில் இந்த மரபணுவைச் செலுத்தியபோது எதிர்ப்பொருள் ஏராளமாக உருவானது உண்மை. மனிதர்களுக்கு வெறும் ஊசியால் செலுத்தும்போது, செல்லின் உட்கருவரை சென்று சேரும் பிளாஸ்மிட் மிகக் குறைவு. மேலும், பாக்டீரியாவிலிருந்து பெறும் டி.என்.ஏ.வை அந்நியம் என்று உணரும் டி.எல்.ஆர்.9 என்ற ஏற்பி, எலிகளைவிட நம் உடலில் குறைவான செல் வகைகளிலேயே இருக்கிறது. ஆகவே செலுத்தும் முறையை மாற்றினார்கள். தங்கத் துகள்களில் டி.என்.ஏ.வைப் பூசி, மரபணுத் துப்பாக்கியால் தோலுக்குள் செலுத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. பங்கேற்ற 12 தன்னார்வலர்களுக்கும், பாதுகாப்புக்குப் போதுமானதாகக் கருதப்படும் மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு என்ற எதிர்ப்பொருள் அளவு கிடைத்தது. ஆனால், எதிர்ப்பொருளை மலிவாகவும் உறுதியாகவும் தரும் ஈஸ்ட் தடுப்பூசி ஏற்கெனவே இருக்கையில், தடுப்புக்காக மட்டும் புதியதைக் கொண்டுவரும் தேவை எழவில்லை. மனிதர்களுக்கு அனுமதி பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பூசி, கொரோனாவுக்காக 2021-இல் இந்தியாவில் வந்த சைகோவ்-டி.

எனக்கு ஐந்து ஆண்டுகளாக ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். டி.என்.ஏ. தடுப்பூசியால் குணமாகுமா? அதுவரை மாத்திரையை நிறுத்தலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: மருத்துவரைக் கேட்காமல் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் அழற்சி கடுமையாகலாம். கல்லீரல் செயலிழந்தவர்களும் உண்டு.

நாட்பட்ட தொற்றில், கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. வட்ட வடிவில் தங்கிவிடுகிறது. மாத்திரை அதை அகற்றுவதில்லை. அதோடு, ஆண்டுக்கணக்கில் மேலுறைப் புரதத்தை எதிர்கொண்டு எதிர்கொண்டு டி செல்கள் சோர்ந்துவிடுகின்றன. அவற்றை டி.என்.ஏ. தடுப்பூசியால் மீட்டெழச் செய்யலாம் என்று நம்ப இடமிருந்தது. 2004-இல் வெளியான சிறிய ஆய்வில் சில நோயாளிகளின் டி செல்கள் தற்காலிகமாகவேனும் இயங்கத் தொடங்கின. ஆனால், பிரான்சில் மாத்திரை எடுத்துவந்த 70 நோயாளிகளிடம், ஒரு பகுதியினருக்கு டி.என்.ஏ. தடுப்பூசி போட்டு, பின்னர் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது, போட்டுக்கொண்டவர்களிடம் வைரஸ் திரும்புவது குறையவில்லை. இது கசப்பான முடிவு என்றாலும் நோயாளிகளிடம் மறைக்கக் கூடாதது. இதற்குப் பின் தடுப்பூசியை மட்டும் நம்பாமல், வைரஸ் புரதத்தின் அளவை முதலில் குறைத்துவிட்டு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் கூட்டுச் சிகிச்சைகள் பரிசோதிக்கப்படுகின்றன. என் கணிப்பில் சரியான திசை அதுவே.

ஊசி வழியாக வரும் டி.என்.ஏ. நம் மரபணுவோடு கலந்துவிடாதா?

விலங்கு ஆய்வுகளில் அப்படிக் கலப்பதற்கான வாய்ப்பு, உடலில் இயல்பாக நிகழும் மரபணு மாற்றங்களின் விகிதத்தைவிட மிகக் குறைவாகவே கணக்கிடப்பட்டது. உண்மையில் நம் மரபணுவுக்குள் செருகிக்கொள்வது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டி.என்.ஏ.தான், அது கல்லீரல் புற்றுநோய்க்கான காரணங்களுள் ஒன்று.

மூன்று ஊசி போட்டும் எனக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை. டி.என்.ஏ. தடுப்பூசிக்காகக் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். முழு மூன்று தவணைகளை மீண்டும் ஒருமுறை போட்டுக்கொண்டு, கடைசி ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதங்களில் பரிசோதித்தால் பலருக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். பாக்டீரியா டி.என்.ஏ.வின் தூண்டும் திறனைப் பின்பற்றிச் செய்த சிறு டி.என்.ஏ. துண்டைச் சேர்த்த ஹெப்லிசாவ்-பி என்ற தடுப்பூசி 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளே போதும். ஆனால் மறுசுற்றைத் தொடங்கும் முன், வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் மேலுறை ஆன்டிஜென் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள்; சிலருக்கு எதிர்ப்பொருள் உருவாகாததற்குக் காரணமே அவர்களிடம் வைரஸ் ஏற்கெனவே இருப்பதுதான்.