விளக்கைப் போட்டால் பிரேக்கர் விழுகிறது, எங்கே தேடுவது?

கொழும்பின் கடலோர வெள்ளவத்தை வீட்டில் மழைக்குப் பிறகு விளக்குகளைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்கிறீர்கள். முதலில், விழுவது எது? 6 ஆம்பியர் சிறு பிரேக்கர் என்றால் பெரும்பாலும் ஷார்ட். சோதனைப் பொத்தான் உள்ள ட்ரிப் சுவிட்ச் என்றால் மின்கசிவு. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே போதும், அது விழும்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடற்காற்றுப் படும் வாசல் விளக்கைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்து அதைக் கழற்றியபோது, ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பும் மழைநீரும் இருந்தன.

எல்லாம் அணைந்திருந்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். விளக்குச் சுவிட்ச் மின்சாரம் வரும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். அதற்கு மின்பணியாளரை அழையுங்கள். தயவுசெய்து இருக்கும் பிரேக்கருக்குப் பதிலாக அதிக ஆம்பியர் பிரேக்கரைப் போடாதீர்கள், சுவருக்குள் வயர் எரியும்.