வெளிநாட்டுக் கிராமங்களில் தன்னார்வலராகப் போவது நல்லதா? இரண்டு வாரம் போதுமா?

கேட்டவர் தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். வயது 24. படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் ஏதாவது ஒரு கிராமத்தில் மேம்பாட்டுப் பணி செய்ய ஆசை. பணம் கட்டினால் இரண்டு வாரம் அழைத்துப் போகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. போகலாமா?

அந்த இரண்டு வாரத் திட்டத்துக்குப் போகாதீர்கள். ஆனால் ஆசையை விட்டுவிடவும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, ஆப்பிரிக்க நாடான மலாவியில் நான் இருந்த பதினான்கு மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு 29 வயது. ஆறு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்திருந்தேன். கிராமத் தண்ணீர்க் குழுக்களோடு வேலை செய்யும் ஓர் அமைப்பு என்னை எடுத்துக்கொண்டது. பணியின் பெயர் ஏதோ நீளமாக இருந்தது. என் மனதுக்குள் ஓடிய படம் மட்டும் ஒன்றுதான்: கிணறு வெட்டுகிறோம், தண்ணீர் பொங்குகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

போய்ச் சேர்ந்தால், கிணறு ஏற்கெனவே இருந்தது. ஆழ்துளைக் கிணறு, மேலே அடிபம்பு, சுற்றிலும் சிமென்ட் மேடை, பக்கத்தில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை. பம்பு ஏழு மாதமாக ஓடவில்லை. பெண்கள் வாளியோடு அதைத் தாண்டி ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அது ஆஃப்ரிடெவ் என்ற வகை. 1980களில் கென்யா, மலாவி அனுபவங்களிலிருந்து உருவான பம்பு. கிராமத்தாரே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பின் அடிப்படை. ஒரே ஒரு ஸ்பேனர் போதும். உள்ளே இறக்கிய குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே இழுத்து வாஷரை மாற்றிவிடலாம். இவ்வளவு யோசித்துச் செய்த பம்பு, ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்துபோனதற்காக ஏழு மாதம் நின்றது. இது அந்த ஒரு ஊரின் கதையும் இல்லை. 2009 வாக்கில் சகாராவுக்குத் தெற்கே உள்ள இருபது நாடுகளின் கணக்கைத் தொகுத்தபோது, அடிபம்புகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் கிடந்தது தெரியவந்தது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். மாவட்டத் தலைநகரில் வாஷர் கிடைக்கும் என்று தெரிந்ததும், அடுத்த முறை அங்கே போனபோது என் சொந்தக் காசில் வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு காலைப் பொழுதில் பம்பு ஓடியது. நான் நினைத்த கைதட்டல் கிடைத்தது. அன்று இரவு அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு வாரம் கழித்து வேறொரு பாகம் தேய்ந்தது. குழு கூடவில்லை. யாரும் காசு எடுக்கவில்லை. இரண்டு பேர் நேரே என் வாசலுக்கு வந்து, என்ன பாகம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார்கள்.

அந்த வட்டாரத்துப் பம்பு மெக்கானிக், என்னைவிட இருபது வயது மூத்தவர், அன்று மாலை வந்து உட்கார்ந்தார். சுற்றியிருந்த பல ஊர்களின் பம்புகளைச் சைக்கிளில் போய்ப் பார்ப்பவர். கோபத்தைக் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீங்கள் போன பிறகு இதை யார் வாங்குவார்?” என்னிடம் பதில் இல்லை. பழுது பார்த்துக் கொடுத்தால் ஊர் அவருக்கு ஒரு தொகை தர வேண்டும், அவர் பிழைப்பே அதுதான். வெளிநாட்டுக்காரர் இலவசமாகச் செய்துதருவார் என்றானால் அவர் எதற்கு? அவர் இல்லாமல் போனால், நான் போன மறுநாள் அந்த வட்டாரத்துக்கு மெக்கானிக்கே இருக்க மாட்டார். நல்ல மனதோடு ஒரு வாஷர் வாங்கிக் கொடுத்து இவ்வளவையும் நான் அசைத்திருந்தேன்.

ஏன் ஊரில் காசு சேரவில்லை என்று பிறகுதான் உட்கார்ந்து விசாரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா சேர்ந்திருக்கிறது. பழைய பொருளாளர் ஊரை விட்டுப் போனார். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்று யாருக்கும் தெரியவில்லை. அதோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தொழில்நுட்பத்திலும் குறையில்லை, காசிலும் பெரிய பஞ்சமில்லை. கணக்கு தெரியாத பெட்டியில் யார் காசு போடுவார்?

கணக்கு எனக்குத் தெரிந்த வேலை. உடனே மடிக்கணினியில் அழகாக ஒரு அட்டவணை போட்டேன். இது இரண்டாவது தப்பு. நான்காவது மாதம் மலேரியாவில் விழுந்து மூன்று வாரம் நகர மருத்துவமனையிலும் விடுதியிலுமாகக் கிடந்தேன். திரும்பி வந்தால் அந்த மூன்று வாரத்துக்கு ஒரு வரி பதிவும் இல்லை. எப்படி இருக்கும்? கணக்கு என் பையில் இருந்தது.

அதற்குப் பிறகு குழுவின் புதிய பொருளாளரான ஓர் அம்மா ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டுக்கு ஒரு வரி, ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம். கொடுத்தால் ஒரு கோடு, கொடுக்காவிட்டால் காலி. படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் வரியை அடையாளம் காணும்படி வீட்டுக்கு ஒரு சின்னப் படம் வரைந்தார். அது அவருடைய யோசனை, எனக்குத் தோன்றியிருக்காது. மாதத்துக்கு ஒருமுறை பம்படியில் எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணி, நோட்டோடு ஒப்பிட்டுச் சத்தமாகச் சொன்னார்கள். முதல் மாதம் பதினோரு வீடு கொடுத்தது. நான் கிளம்பும்போது நாற்பத்து மூன்று வீட்டில் முப்பத்தெட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசி ஐந்து மாதத்தில் இரண்டு முறை பம்பு நின்றது. இரண்டு முறையும் மெக்கானிக்கைக் கூப்பிட்டதும் காசு கொடுத்ததும் அவர்கள்தான். இரண்டாம் முறை நின்றது எனக்குத் தெரிந்ததே, ஓடத் தொடங்கிய பிறகுதான்.

பதினான்கு மாதத்தில் நான் செய்த உருப்படியான வேலை அந்த நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான். கூட்டல் தப்பினால் காட்டினேன், சண்டை வந்தால் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இதை இரண்டு வாரத்தில் செய்ய முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் நான் வாஷரோடு நின்றிருப்பேன். கைதட்டலோடு விமானம் ஏறியிருப்பேன், கெடுத்தது என்னவென்று கடைசிவரை தெரிந்திருக்காது.

பெரிய அளவிலும் இதே பிழை நடந்திருக்கிறது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் என்று ‘பிளேபம்ப்’ என்ற ஒன்று தென்னாப்பிரிக்காவில் உருவானது. 2006இல் அமெரிக்காவில் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் நிதி அறிவித்தார்கள். பல ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். குழந்தைகள் நாள் முழுவதும் சுற்றுவார்களா? அவர்கள் இல்லாத நேரத்தில் பெரிய பெண்கள் குனிந்து கையால் அதைச் சுற்ற வேண்டியதாயிற்று. கெட்டால் உள்ளூரில் பழுது பார்க்க ஆளில்லை. சில வருடங்களிலேயே திட்டம் சுருங்கிவிட்டது. தண்ணீர் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

1968இல் மெக்சிகோவில், அங்கே கிராமப் பணிக்குப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, உதவி செய்ய வராதீர்கள் என்று சிந்தனையாளர் இவான் இல்லிச் நேருக்கு நேர் பேசினார். அந்தப் பேச்சை நான் திரும்பி வந்த பிறகு படித்தேன். பாதிக்கு மேல் உண்மை. முழுக்க ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. அந்த மெக்கானிக்கும் பொருளாளர் அம்மாவும் நான் வந்ததால் தங்களுக்குக் கிடைத்தது என்ன என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சந்தாவில் சண்டை வந்தால் எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாத ஒரு ஆள் நடுவில் இருந்தது உதவியது என்றார்கள். அதுவும் ஒரு வேலைதான்.

இனி உங்கள் நிறுவனத்துக்கு வருகிறேன். அவர்களிடம் இதைக் கேளுங்கள்: இந்த வேலையை முதலில் கேட்டது யார்? ‘சமூகத்தின் தேவை’ என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். எந்தக் குழு, எப்போது, எந்தக் கூட்டத்தில் கேட்டது? அந்தக் குழுவில் ஒருவரோடு போனில் பேச முடியுமா? எனக்கு முன் வந்தவர் என்ன செய்தார், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? நான் போன பிறகு யார் தொடர்வார்? நல்ல அமைப்பு இவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லும், தோற்றுப்போனதையும் சேர்த்துச் சொல்லும். விமான நிலையத்தில் வரவேற்பு, வார இறுதிச் சுற்றுலா என்று பேச்சு திரும்பினால் அது சுற்றுலா நிறுவனம்.

சுவர் எழுப்புவது, வண்ணம் பூசுவது போன்ற வேலை என்றால் இன்னும் ஒரு கேள்வி. அந்த ஊரில் கொத்தனார் இல்லையா? இருப்பார். அவருக்குக் கூலி வேண்டும்.

அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு இருக்கும் பணி என்றால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகளில் சுமார் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்று யுனிசெஃப் சொல்லியிருக்கிறது. 2005க்கும் 2010க்கும் நடுவில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. வருகிறவர்கள் காசு கொடுப்பதால் குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு பிறகு கையசைத்துப் போகும் முகங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

பணம் கட்டுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். தங்குமிடம், காப்பீடு, பயிற்சிக்குச் செலவு உண்டு. எவ்வளவு ஊருக்குப் போகிறது என்று வரிவரியாகக் காட்டினால் சரி. ஆனால் பணமே வாங்காத வழிகள் இருக்கின்றன. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ ஒரு காசும் கேட்பதில்லை, வாழ்க்கைச் செலவுக்கு மாதப் படி தருகிறார்கள். யாராவது ஐ.நா. பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அது மோசடி. இளைஞர்களுக்கென்று 18 முதல் 26 வயது வரை தனிப் பிரிவு இருக்கிறது, நீங்கள் அதில் வருவீர்கள். பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பின் போக்கைக் கவனியுங்கள்: முதலில் பள்ளி முடித்த பிள்ளைகளை அனுப்பியவர்கள், பிறகு தொழில் அனுபவம் உள்ளவர்களைத் தேடினார்கள், இப்போது அந்தந்த நாட்டுத் தன்னார்வலர்களோடுதான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961இல் தொடங்கியது, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். அதில் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: சுமார் மூன்று மாதம் மொழியும் பயிற்சியும், அதன்பிறகு இரண்டு வருடப் பணி.

மொழியை அலட்சியம் செய்யாதீர்கள். மலாவியில் பேசும் சிச்செவா மொழியில் தட்டுத்தடுமாறிப் பேச எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை கூட்டங்களில் ஆண்கள் மொழிபெயர்த்ததைத்தான் கேட்டேன். தண்ணீர் சுமந்த பெண்கள் சொன்னது பாதி எனக்கு வந்தே சேரவில்லை.

உடம்பு விஷயம் சுருக்கமாக. மலேரியா உள்ள பகுதி என்றால் தடுப்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். நான் விட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், 2016க்குப் பிறகு அது ஆயுள் முழுவதற்கும். உகாண்டா போன்ற நாடுகளில் அது இல்லாமல் நுழைய முடியாது. அவசரத்தில் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பணி செய்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், சம்பளம் வாங்காவிட்டாலும்.

குறுகிய காலம் எப்போதுமே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்குப் பத்து நாள் வந்தார். உள்ளூர் அலுவலகம் கேட்டு அழைத்தது, அளவீடு செய்யச் சொல்லிக் கொடுத்தார், போனார். அவரிடம் பதினைந்து வருட அனுபவமும் ஒரு குறிப்பிட்ட வேலையும் இருந்தன.

உங்களிடம் இப்போது அது இல்லை, 24 வயதில் இருக்கவும் தேவையில்லை. இரண்டு வருடம் ஏதாவது ஒரு தொழிலில் ஊன்றி நில்லுங்கள். கணக்கு, மின்வேலை, செவிலியம், விவசாயம், எதுவானாலும் சரி, இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்க முடியாது என்றால், ஐ.நா. 2000இல் தொடங்கிய இணையவழித் தன்னார்வப் பணியில் சேருங்கள். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு ஒழுங்கு செய்தல் என்று வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு வாரத்துக்கென்று வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள், ஒரு வருடத்துக்குப் போகும்போது தேவைப்படும்.