ஒதுக்கிவைத்த ரொட்டி

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வு பெற்ற கையோடு மனைவியை அழைத்துக்கொண்டு எட்டு நாள் எகிப்து போய்வந்தேன். பிரமிடு, லக்ஸர், அஸ்வான் எல்லாம் கண்கொள்ளாக் காட்சி. சாப்பாடுதான் சரிப்படவில்லை. மனைவி சைவம். தவிடு ஒட்டிய ஒரு ரொட்டி, பக்கத்தில் மசித்த ஏதோ ஒரு பயறு, இதுதான் திரும்பத் திரும்ப. ரொட்டியைப் பாதிக்குமேல் ஒதுக்கிவிட்டு, கொண்டுபோன புளிக்காய்ச்சலை வைத்துச் சமாளித்தோம். கோஷரி மட்டும் பரவாயில்லை, அது நம் கிச்சடிதான் என்று வழிகாட்டி சொன்னார். வயிற்றுக்குப் பயந்து தெருக்கடைப் பக்கமே போகவில்லை. டிசம்பரில் மறுபடியும் கூட்டிப்போகிறேன் என்கிறான் மகன். சைவர்கள் அங்கே தைரியமாகச் சாப்பிடக்கூடியவற்றைப் பட்டியலிட்டுத் தர முடியுமா?

எஸ்.எம்., கோவை

அன்புள்ள எஸ்.எம்.,

ஓய்வுபெற்றதும் முதல் காரியமாக மனைவியை நைல் கரைக்கு அழைத்துப்போன மனிதரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் ‘ரொட்டியைப் பாதிக்குமேல் ஒதுக்கிவிட்டு’ என்ற இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. போன வாரம்தான் என் பழைய கெய்ரோ குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் பாதிப் பக்கங்கள் அந்த ரொட்டியைப் பற்றியவை.

புளிக்காய்ச்சல் கொண்டுபோனது குற்றமில்லை. வயிற்றுப் பயத்துக்கும் நீண்ட பதில் தேவையில்லை. கூட்டம் நிற்கும் கடையில், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு சாப்பிடுங்கள். பாட்டில் தண்ணீர் குடியுங்கள், நறுக்கிவைத்த பச்சைக் காய்களைத் தவிர்த்துவிடுங்கள். கோஷரி நம் கிச்சடியா? பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, அரிசியும் பாசிப்பயறும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு உண்ணும் ‘கிஷ்ரி’யைப் பற்றி எழுதியிருக்கிறார். உறவு இருக்கலாம். ஆனால் அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே கருகக் கருக வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டும் வினிகரும் கலந்த தக்கா, காரத்துக்கு ஷத்தா என்று அடுக்கிய பிறகு அது கெய்ரோக்காரனின் உணவு. போகிற ஊரிலெல்லாம் நம் வீட்டுப் பாத்திரத்தையே தேடுவதை விட்டுவிடலாம்.

இனி ரொட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் அய்ஷ் பலதி. மற்ற அரபு நாடுகள் பலவற்றில் ரொட்டிக்கு ‘ஃகுப்ஸ்’ என்று பெயர். எகிப்தியர் ‘அய்ஷ்’ என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் வாழ்வு, பிழைப்பு. நீங்கள் தட்டோரம் தள்ளிவைத்தது அதைத்தான். தஞ்சாவூருக்கு வந்த விருந்தாளி சோற்றை ஒதுக்கிவிட்டுப் பொரியலை மட்டும் கொறித்துவிட்டு, ‘ஊரில் சாப்பிட ஒன்றுமில்லை’ என்று எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மசித்த ஏதோ ஒரு பயறு என்கிறீர்களே, அது ஃபூல். ஃபாவா என்ற பெரிய மொச்சை வகை. கழுத்து ஒடுங்கிய பெரிய பானையில் இரவெல்லாம் சிறுதீயில் வேகும். விடிந்ததும் எண்ணெய், சீரகம், எலுமிச்சை, சில இடங்களில் எள் விழுது சேர்த்து மசித்துத் தருவார்கள். தனியாக அள்ளித் தின்றால் பாதி ருசிதான். ரொட்டியைக் கிள்ளி, விரலால் மடித்துக் குழிவாக்கி அள்ள வேண்டும். அந்த மடிப்புக்குப் பூனைக்காது என்று பெயர். கரண்டியால் சாப்பிட்டுவிட்டு ருசியில்லை என்கிறீர்கள்.

2010 டிசம்பரில் கெய்ரோவின் சையிதா ஸைனப் பகுதியில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். கட்டடத்துக் காவலாளியை அங்கே பவ்வாப் என்பார்கள். அவர் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது நானும் கூடப் போவேன். சூளை வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பேரீச்சை மட்டைத் தட்டு நிறைய ரொட்டியை அடுக்கித் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி சைக்கிளில் பறக்கும் பையன்கள். முதல் நாள் என் பங்கைச் சுடச்சுட பிளாஸ்டிக் பையில் திணித்தேன். பக்கத்து வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி ‘யா இப்னி!’ என்று அதட்டினார். ‘மகனே’ என்றுதான் அதற்குப் பொருள், ஆனால் குரலில் கொஞ்சலில்லை. பையைப் பிடுங்கி, ரொட்டிகளை வெளியே எடுத்து, நின்றிருந்த ஒரு காரின் முன்மூடிமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். சூட்டோடு அடைத்தால் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகுமாம். அவற்றில் ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது. நான் தாண்டிப்போகக் காலெடுத்துவிட்டேன். பவ்வாப் குனிந்து எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, மிதிபடாதபடி சுவர் விளிம்பில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுக்க எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அடுத்த மாதமே அதிபர் முபாரக்கின் ஆட்சியை எதிர்த்து கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். முழக்கம் நினைவிருக்கிறதா? ‘அய்ஷ், ஹொர்ரியா, அதாலா இக்திமாயியா’. ரொட்டி, விடுதலை, சமூக நீதி. ரொட்டிதான் முதல் சொல். அதற்கு முன், 1977 ஜனவரியில், மாவு, அரிசி, எண்ணெய் மீதான மானியத்தை அன்றைய அதிபர் சாதாத்தின் அரசு வெட்டியதும் நாடே கொந்தளித்தது. பலர் உயிரிழந்தார்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. அதன் பிறகு வந்த ஆட்சிகள் அந்த ரொட்டியின் விலையில் கைவைக்க அஞ்சின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மானிய ரொட்டி ஒன்று 5 பியாஸ்டர் (நூறு பியாஸ்டர் ஒரு எகிப்திய பவுண்டு). 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டர் ஆனது. ஒரு காலத்தில் ரோமாபுரிக்கே கோதுமை அனுப்பிய மண், இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. 2022இல் ரஷ்யாவும் உக்ரைனும் மோதிக்கொண்டபோது, சையிதா ஸைனப்பின் சூளை வாசலில் நிற்பவர்களைத்தான் நினைத்தேன். இரு நாடுகளிலிருந்தும் கப்பலேறும் கோதுமையை நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் உங்கள் வழிகாட்டி சொல்லாமல் விட்டது அவர் தவறு. எட்டு நாளும் அவரிடம் ‘இது என்ன?’ என்று ஒருமுறைகூடக் கேட்காமலிருந்தது உங்கள் தவறு.

பட்டியல் கேட்டீர்கள். ஃபாவாவை ஊறவைத்துக் கீரைகளோடு அரைத்துப் பொரிக்கும் தாமெய்யா, உள்ளே பச்சைப்பசேலென்றிருக்கும். சூடாக வாங்கி ரொட்டிக்குள் வைத்துத் தின்னுங்கள். சணல் செடியின் இலையில் செய்யும் முலுகியாவைக் கோழியோ முயலோ வெந்த சாற்றில் செய்வது வழக்கம் என்பதால் உங்கள் மனைவிக்கு ஆகாது.

அவருக்காக ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘சியாமி’. நோன்பு உணவு என்று பொருள். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை தொடாமல் நோன்பிருப்பவர்கள். நீங்கள் போகும் டிசம்பர் முழுக்க அவர்களின் நோன்புக்காலம். நவம்பர் 25இல் தொடங்கி ஜனவரி 6 வரை நீளும். ஆனால் அந்த நோன்பில் மீனுக்கு அனுமதி உண்டு. ஆகவே ‘மின் கேர் சமக்’, மீன் வேண்டாம் என்று உங்கள் மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள்.

ரொட்டியைச் சூடாக வாங்கினால் பையில் அடைக்காதீர்கள். காரின்மேல் பரப்புங்கள்.