அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கழிப்பறையைக்கூட ஏன் பாறாங்கல்லில் கட்டினார்கள்?

கேள்வி இது: மவுண்ட் ரெய்னியர், கிரேட்டர் லேக் போன்ற பூங்காக்களில் அலுவலகம், கழிப்பறை, வண்டிக் கொட்டகை, பெட்ரோல் பங்க் எல்லாமே பாறைகளை அப்படியே தூக்கி அடுக்கியது போல் இருக்கின்றன. வேறு பொருள் கிடைக்காத காலத்தில் கட்டியதாலா? இன்றும் எப்படி நிற்கின்றன?

பொருள் கிடைக்காததால் அல்ல. இவற்றில் பெரும்பாலானவை 1920-களிலும் 30-களிலும் எழுந்தவை. சிமென்ட், இரும்பு, ரயில், லாரி எல்லாம் இருந்த காலம். கைக்குக் கிடைத்ததை வைத்து யாரோ ஒரு மலைவாசி கட்டியது போன்ற தோற்றம் முழுக்க முழுக்க வரைபட மேசையில் தீர்மானிக்கப்பட்டது.

தேசியப் பூங்காத் துறை 1916 ஆகஸ்டில் உருவானது. 1918 மே மாதம் உள்துறைச் செயலர் ஃபிராங்க்ளின் லேன், அதன் இயக்குநர் ஸ்டீஃபன் மேதருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாலை, நடைபாதை, கட்டடம் எதுவானாலும் நிலக்காட்சியோடு ஒத்துப்போக வேண்டும், அதற்கு நிலக்காட்சி வடிவமைப்பு தெரிந்த அல்லது அதன் அருமை உணர்ந்த பயிற்சி பெற்ற பொறியாளர்கள் வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய உத்தரவு. பார்வையாளர் தங்கும் விடுதிக்கு ஒரு தரம், பின்பக்கக் கொட்டகைக்கு வேறு தரம் என்ற பிரிவினைக்கு அதில் இடமில்லை. 1927 முதல் தாமஸ் விண்ட் தலைமையிலான நிலக்காட்சி வடிவமைப்பாளர்கள் இதை நடைமுறையாக்கினார்கள். மவுண்ட் ரெய்னியரின் லாங்மையர் பகுதியில் 1928-ல் கட்டிய நிர்வாகக் கட்டடத்தைப் பாருங்கள். கீழ்த்தளம் பனியாறு உருட்டிவந்த உருண்டைப் பாறைகள், மேல்தளம் மரம். பக்கத்திலேயே 1929-ல் வந்த பெட்ரோல் பங்க்கும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

அளவு விஷயத்தில் அவர்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் உள்ள மின்நிலையம். 1926-ல் சான்டா ஃபே ரயில்வே கட்டியது. மின்சாரமும் நீராவியும் தயாரிக்கும் இயந்திரங்கள் உள்ளே நிற்க வேண்டும், எனவே கட்டடம் பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும். என்ன செய்தார்கள்? மலைவீடு போன்ற தோற்றம் கொடுத்து, பால்கனி, கைப்பிடி போன்றவற்றை வழக்கத்தைவிடப் பெரிதாக்கினார்கள். பால்கனி இவ்வளவுதான் இருக்கும் என்று நம் கண்ணுக்கு ஒரு பழக்கக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்துப் பார்க்கும்போது மொத்தக் கட்டடமும் சின்னதாகத் தெரிகிறது.

கிரேட்டர் லேக்கில் பிரச்சினையே வேறு: பனி. தலைமையகம் இருக்கும் மன்சன் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி விழுகிறது. வெளிவேலை செய்யக் கிடைப்பது கோடையின் சில மாதங்கள்தான். மெரல் சேகர் என்ற வடிவமைப்பாளரின் கை பட்ட கட்டடங்களில் கீழ்ப்பகுதி முழுக்கப் பெரிய பாறைகள், மேலே செங்குத்தான கூரை. மாதக்கணக்கில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் ஈரப்பனியில் மரம் உளுத்துப்போகும், கல் தாங்கும். 1933-ல் கட்டிய கண்காணிப்பாளர் இல்லம் 1987-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

இனி சுவரைக் கிட்டப்போய்ப் பார்ப்போம், விஷயமே இங்குதான் இருக்கிறது. நம் ஊர் கருங்கல் கட்டில் கொத்தனார் கல்லின் முகத்தைக் கொத்திச் சமன் செய்வார். இங்கே அது கூடாது. வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த முகம், கல்பாசி படர்ந்த முகம்தான் வெளியே தெரிய வேண்டும். புதிதாக உடைந்த பக்கம் சுவருக்குள் போக வேண்டும். அதனால் பாறையை நகர்த்தும்போதே சங்கிலி உராய்ந்து பாசி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகப் பெரிய கற்கள் அடியிலும் மூலைகளிலும். மேலே போகப் போகச் சின்னவை. மண்ணில் எப்படிப் படுத்துக் கிடந்ததோ அப்படியே படுக்க வைக்க வேண்டும். நீளக் கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தினால், வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒட்டவைத்ததுபோல்தான் தெரியும். செங்கல் கட்டுபோல நேர்வரிசை ஓடக்கூடாது. செங்குத்து இணைப்பு ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது, அங்கேதான் முதலில் வெடிப்பு விடும். சாந்து கல் முகத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அப்போது இடுக்கில் நிழல் விழும், சாந்து கண்ணுக்கே தெரியாது. சாந்து இல்லாமல் அடுக்கியது போன்ற தோற்றம் இந்த நிழலால் வருவதுதான். உருண்டைப் பாறை ஒன்றையொன்று தொடும் இடம் கொஞ்சம் என்பதால் உள்ளே சாந்து நிறையவே தேவைப்படும்.

எல்லாக் கட்டடமும் முழுக் கல்சுவர் என்று நினைக்க வேண்டாம். உள்ளே கான்கிரீட்டோ மரச்சட்டமோ இரும்போ இருந்து, வெளியே கல் போர்த்தியவை நிறைய. கிராண்ட் கேன்யனில் மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932-ல் முடிந்த காவல்கோபுரத்துக்குள் இருப்பது இரும்புச் சட்டம்.

இவ்வளவு கைவேலைக்கு ஆள்? 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சி.சி.சி. (Civilian Conservation Corps) என்ற வேலைத்திட்டம்தான் பதில். வேலையில்லா இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர். அதில் 25 வீட்டுக்குப் போய்விடும். அனுபவமுள்ள உள்ளூர்க் கொத்தனார்கள் அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். நியூ மெக்சிகோவின் பேண்டலியர் பூங்காவில் இந்த இளைஞர்கள் கட்டிய 31 கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல், தட்டைக் கூரை, பழங்குடி ஊர்களின் சாயல். இந்தப் பாணிக்கு ஒரே முகம் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். 1942-ல் திட்டம் முடிந்தது, மலிவு உழைப்பும் போனது. பூங்கா வசதிகளை விரிவாக்க 1956-ல் தொடங்கிய 'மிஷன் 66' திட்டத்தில் கான்கிரீட்டும் கண்ணாடியும் வந்துவிட்டன.

பழுதுபார்ப்பில்தான் மனம் நோகும் தவறுகள் நடக்கின்றன. பழைய சாந்து உதிர்ந்தால் கடினமான சிமென்ட் கலவையை அப்பிவிடுவார்கள். கல்லைவிடச் சாந்து கடினமானால், உள்ளே போன நீர் சாந்து வழியாக ஆவியாகாமல் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். விளைவு, கல்லின் முகம் செதில்செதிலாக உரியும். பேண்டலியரில் இருப்பது போன்ற மென்கல்லில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நீர்புகாப் பூச்சு அடிப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான்.

சரியான முறை: முதலில் கூரை ஒழுகலையும் சுவரடியில் தேங்கும் நீரையும் நிறுத்துங்கள். பழைய சாந்தை உளியால் கையாலேயே எடுங்கள், இயந்திர வட்டு கல் விளிம்பைக் கடித்துவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். ஒழுங்கற்ற பாறைக் கட்டில் பல அங்குலம்கூடப் போகலாம். தூசியைக் கழுவி, கல்லை ஈரமாக்கி, கால் அங்குலக் கனத்தில் படலம் படலமாக நிரப்புங்கள். ஒரு படலத்தில் கட்டைவிரல் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்தது. கலவை பழைய சாந்தைவிடக் கடினமாக இருக்கக்கூடாது. பழையது சுண்ணாம்புச் சாந்து என்றால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். பழையதிலேயே சிமென்ட் இருந்தால் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவையிலிருந்து சோதித்துப் பார்க்கலாம். நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மணல்தான், பழைய மணலோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். உறைபனி வரும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.