கடல் தாண்டிச் செய்த பேஸ் கித்தாருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்க, ஜெர்மன் பெயர் போட்ட பேஸ் கித்தார்கள் பலவும் இன்று இந்தோனேசியா, சீனா, கொரியா என்று கடல் தாண்டித்தான் செய்யப்படுகின்றன. அவற்றிலேயே சில மாடல்களுக்குத் தொடக்கநிலைக் கருவியைப்போல் மூன்று நான்கு மடங்கு விலை. கூலி குறைவான இடத்தில் செய்துவிட்டு இவ்வளவு கேட்பது நியாயமா?

நான் பேஸ் வாசிப்பவன், நண்பர்களின் கருவிகளுக்கு செட்டப்பும் (கம்பியின் உயரம் முதலியவற்றை வாசிக்கத் தோதாகச் சரிசெய்வது) செய்து கொடுப்பவன். அந்தக் கூடுதல் பணம் விரல் வைத்து வாசிக்கும் நீண்ட பகுதியான நெக்குக்கும், அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட் வேலைக்கும் போயிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். மேலே ஒட்டிய அழகான மரத் தகட்டுக்கும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் மூடியில் அச்சடித்த பெயருக்கும் போயிருந்தால் அந்த மாடலைக் கடந்து போய்விடுங்கள். நெக்கின் நுனியில் உள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

நாட்டுப் பெயரை நம்பாததற்குக் காரணம் இந்தக் கருவியின் பிறவியிலேயே இருக்கிறது. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற மாடலைக் கொண்டுவந்தபோதே, ஆலையில் சுலபமாகச் செய்யும்படிதான் வடிவமைத்தார். தட்டையான மர உடல், தனியாகச் செய்த நெக், இரண்டையும் சேர்க்க நான்கு ஸ்குரூ, அவ்வளவுதான். வயலின் செய்பவருக்கு வேண்டிய பரம்பரைக் கைப்பக்குவம் எதுவும் இதற்குத் தேவையில்லை. நல்ல மரம், துல்லியமான இயந்திரம், பொறுமையான ஆட்கள் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

ஜப்பான் 70-களில் அதைச் செய்து காட்டியது. 1965-ல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் வாங்கிய பிறகு அமெரிக்கக் கருவிகளின் தரம் இறங்கிக்கொண்டே வந்தது, ஜப்பானியப் பிரதிகளின் தரம் ஏறிக்கொண்டே போனது. 1977-ல் இன்னொரு அமெரிக்க கித்தார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானியப் பிராண்டான ஐபனெஸை அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த எல்ஜர் மீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்கே போட்டது. ஃபெண்டர் வேறு வழி பார்த்தது. 1982-ல் ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, ஃபூஜிஜென் என்ற ஜப்பானிய ஆலையிலேயே தன் கருவிகளைச் செய்ய வைத்தது. அங்கிருந்து ஸ்குவயர் என்ற மலிவுப் பெயரில் வந்தவற்றில், வரிசை எண் ஜேவி என்று தொடங்குபவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1985-ல் சிபிஎஸ்ஸிடமிருந்து ஊழியர்களே நிறுவனத்தை வாங்கியபோது பழைய ஆலை அவர்கள் கைக்கு வரவில்லை. கலிஃபோர்னியாவின் கொரோனாவில் புது ஆலை நிமிரும்வரை அந்தப் பெயரைத் தாங்கிப் பிடித்தவை பெரும்பாலும் ஜப்பானில் செய்தவைதான்.

அப்புறம் யென் மதிப்பு ஏறியது, மலிவு மாடல்கள் கொரியாவுக்குப் போயின. கொரியாவில் கூலி உயர்ந்ததும் இந்தோனேசியாவும் சீனாவும். இந்த நகர்வில் அடிபட்டவர்களும் உண்டு: பல பிராண்டுகளுக்குக் கருவி செய்து கொடுக்கும் கோர்ட் நிறுவனம் 2007-ல் கொரிய ஆலைகளை மூடியபோது வேலை இழந்தவர்களின் போராட்டம் 2019 வரை நீண்டது. ஆக, 'மலிவு நாடு' என்று நாம் முகம் சுளிப்பது தலைமுறைக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கப் பிராண்டான ஸ்பெக்டரின் யூரோ வரிசை செக் நாட்டில் செய்யப்படுகிறது, அமெரிக்கக்காரருக்கு அதுவும் கடல் தாண்டிய சரக்குதான். அதற்கு விலை அதிகம் என்று யாரும் அங்கலாய்ப்பதை நான் கேட்டதில்லை. சீனா என்றால் மட்டும் குரல் உயர்கிறது.

சரி, நெக்குக்கு வருகிறேன்.

பேஸில் கம்பிகளை இரு முனையிலும் தாங்குபவை நெக்கின் நுனியில் உள்ள நட்டும் உடலில் உள்ள பிரிட்ஜும். அந்த இரண்டுக்கும் இடையே வழக்கமான நீளம் 34 அங்குலம். நான்கு தடித்த கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70, 80 கிலோ அளவுக்கு அந்த நெக்கை இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மரம் சரியாக உலராமல் செதுக்கப்பட்டிருந்தால், வாங்கிய மாதம் நேராக இருக்கும் நெக், பருவம் மாறியதும் தன் குணத்தைக் காட்டும். சீராக வளைந்தால் கவலை இல்லை, நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகி நேராக்கிவிடலாம். முறுக்கிக்கொண்டாலோ, உடலோடு சேரும் இடத்தில் மட்டும் மேடு தட்டினாலோ, டிரஸ் ராடால் பயனில்லை. ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கிப் பலகையை இழைத்து மறுபடி அடிக்க வேண்டும். மலிவுக் கருவியில் அந்தச் செலவு கருவியின் விலையையே தாண்டிவிடும்.

மரத்தை மாதக்கணக்கில் வைத்து உலர்த்துவது, பாதி செதுக்கி ஓய்வு கொடுத்து, அது எங்கே வளைகிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் செதுக்குவது, இதெல்லாம் எந்த நாட்டில் செய்தாலும் காசு பிடிக்கும் வேலை. கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் நெக்கின் வடிவத்தை நிமிடக் கணக்கில் வெட்டித் தள்ளிவிடும், மரத்தின் ஈரத்தை அது குறைக்காது. ஐந்து துண்டு மரத்தை நீளவாக்கில் ஒட்டிய நெக், உள்ளே கிராஃபைட் அல்லது டைட்டானியம் தண்டு, சூட்டில் வாட்டிய மேப்பிள் மரம் என்றெல்லாம் விவரப் பட்டியலில் வருவது இந்தப் பிரச்சினையைச் சமாளிக்கத்தான். அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

அடுத்தது ஃப்ரெட். கடையில் கருவி கையில் கிடைத்ததும் ஆம்ப்ளிஃபயரில் சொருகாதீர்கள். முதலில் உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் வைத்து நட்டிலிருந்து கீழ்வரை மெதுவாக இழுங்கள். மரம் உலர்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் சரியாக முடிக்கப்படாத கருவியில் ஃப்ரெட் முனைகள் ரம்பப் பல் மாதிரி கையைக் கீறும். பிறகு தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் கிடைக்காது. நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நெக் ஆரோக்கியம். கார்டு நுழையாமல் கம்பி ஒட்டிக்கொண்டு நின்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது, அல்லது நடுவில் ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டிரஸ் ராடைத் தளர்த்திய பிறகும் ஒரே இடத்தில் மட்டும் கரகரவென்றால் இரண்டாவதுதான்.

இருபது, இருபத்தொரு ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி வட்டமாக்கி, முனைகளை உருட்டி, மெருகேற்றுவது மணிக்கணக்கில் ஆள் உட்கார்ந்து செய்யும் வேலை. ஜெர்மானிய பிளெக் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதில் மட்டம் பார்த்துத் தேய்க்கிறார்கள். மலிவு மாடலில் கத்தரிக்கப்படுவது இந்த மணிநேரங்கள்தான். லேக்லாண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்கைலைன் வரிசை கொரியா, இந்தோனேசியா என்று வெளியே செய்யப்பட்டாலும், சிகாகோவில் உள்ள அவர்கள் பட்டறையில் செட்டப் செய்த பிறகே கடைக்குப் போகிறது. ஸ்கைலைன் விலையைப் பார்த்துவிட்டு 'பெயருக்கு வாங்குகிறார்கள்' என்பவர்கள் அந்தக் கடைசிக் கட்ட வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

எவ்வளவு கொடுத்தாலும் தீராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் பாணி பேஸ்களில் மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாவதிலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதாவது ஒரு ஸ்வரம் மற்றவற்றைப்போல் நீடிக்காமல் சட்டென்று அடங்கிவிடும். நெக்கும் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்ணில் ஆடத் தொடங்கி, கம்பியின் சக்தியைத் தின்றுவிடுவதுதான் காரணம். அமெரிக்காவில் செய்த விலையுயர்ந்த பேஸிலும் இது உண்டு. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறு எடையை மாட்டினால் அந்த இடம் கொஞ்சம் நகரும். பக்கத்து அறை டிரம்மர் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் அமைதியான நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போங்கள்.

மின்சார பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிக்அப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுற்றும். பிடிக்காவிட்டால் ஒரு மாலையில் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். பாட் (ஒலியளவுத் திருகு), ஜாக் (கேபிள் சொருகும் துளை), பிரிட்ஜ், டியூனர் (கம்பியை முறுக்கும் சாவி) எல்லாம் அப்படித்தான். பின்னாளில் மாற்றிக்கொள்ளக் கூடியவற்றுக்காக முன்கூட்டியே அதிகம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிரபல பிக்அப் பெயரைக் கண்டு மயங்குவதற்கு முன், அந்தப் பெயரிலேயே மலிவுத் தயாரிப்பும் வருகிறதா என்று பாருங்கள். பிக்அப் செய்யும் பார்டோலினி நிறுவனத்தின் எம்கே வரிசை அவர்களுடைய அமெரிக்கத் தயாரிப்பு இல்லை. மோசம் என்று சொல்லவில்லை, இரண்டுக்கும் ஒரே மதிப்புப் போட வேண்டாம் என்கிறேன்.

கூடுதல் விலைக்கு முழுத் தகுதி உள்ளதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் டிங்வால்தான் என் நினைவுக்கு வரும். கனடா நிறுவனம். அவர்களுடைய கம்பஸ்டன், என்ஜி வரிசைகள் சீனாவில் செய்யப்படுகின்றன, மலிவே இல்லை, ஆனாலும் காத்திருந்து வாங்குகிறார்கள். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி நீளம்: ஐந்து கம்பி மாடலில் தடித்த பி கம்பிக்கு 37 அங்குலம், மெல்லிய ஜி கம்பிக்கு 34. அதற்காக ஃப்ரெட்டுகள் விசிறிபோல் சாய்ந்து நிற்கும். சாதாரண ஐந்து கம்பி பேஸில் பி கம்பியின் அதிர்வெண் 31 ஹெர்ட்ஸுக்கும் கீழே என்பதால் 34 அங்குலத்தில் அது தொளதொளவென்று ஆடும். நீளத்தைக் கூட்டினால் இறுக்கம் கூடும், ஸ்வரம் தெளியும். இங்கே காசு வாங்கிக்கொள்வது வடிவமைப்பு. அதைச் சீனாவில் சரியாகச் செய்ய முடிகிறது என்பதும் கண்ணெதிரே தெரிகிறது.

யமஹாவை எடுங்கள். அவர்களுடைய பிபி 734ஏ இந்தோனேசியாவில் செய்யப்படுகிறது, பிபி பி34 ஜப்பானில். ஐந்து துண்டு நெக்கும், உடலோடு அதை இணைக்கும் ஆறு ஸ்குரூவும் இரண்டிலும் உண்டு. விலையில் முதலாவது சுமார் பாதி. ஜப்பான் கருவியின் முடிப்பு வேலை இன்னும் நேர்த்திதான், மறுக்கவில்லை. மேடையில் கூட்டத்துக்கு முன் வாசிக்கும்போது அந்த இன்னொரு பாதி எங்கே கேட்கிறது என்று என்னால் சுட்டிக்காட்ட முடியாது. என் கணக்கில் கடல் தாண்டிச் செய்த நடுத்தட்டுக் கருவிக்குக் கொடுக்கும் விலைதான் இந்தத் தொழிலிலேயே நன்றாகச் செலவாகும் பணம்.

எதிர்ப்பக்கத்தில் சையர் என்ற பிராண்ட் நிற்கிறது. 2015 வாக்கில் பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லர் பெயரோடு வந்த அவர்களுடைய வி7, இந்தோனேசியாவில் செய்தது, அப்போது பெரும்பாலும் இணையத்தில் நேரடி விற்பனை. எலும்பு நட், ஓரம் உருட்டிய ஃப்ரெட் பலகை என்று மேல்தட்டுக் கருவிக்கு உரியவற்றைக் கீழ்த்தட்டு விலையில் கொடுத்தார்கள். அது வந்த பிறகு, அதே நாட்டில் செய்து இரு மடங்கு விலை கேட்பவர்கள் அந்த இரண்டாவது மடங்கு எதற்கு என்று காட்டியாக வேண்டிய நிலை. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர், விளம்பரம், கையெழுத்துப் போட்ட கலைஞருக்குப் போகும் பங்கு என்று அந்தப் பணத்துக்கு வாய்கள் அதிகம். நெக்குக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று விலைச்சீட்டு சொல்லாது, உள்ளங்கைதான் சொல்லும்.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். கடல் தாண்டிச் செய்த விலையுயர்ந்த மாடல்கள் இரண்டாம் கைச் சந்தையில் பொதுவாக வேகமாக மதிப்பிழக்கின்றன. ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பவன் நான், முதலில் பார்ப்பவர்களே அங்கே அதிகம். புதிதாக வாங்குபவருக்கு இது நஷ்டம், காத்திருப்பவருக்கு லாபம். ஐபனெஸின் பிரீமியம் வரிசை இந்தோனேசியத் தயாரிப்பு, ஃப்ரெட் முனைகளைக் கவனமாக முடித்து வருவது. அதைப் புதிதாக முழு விலைக்கு வாங்கப் பத்து முறை யோசிப்பேன். ஒருவர் ஓரிரு வருடம் வாசித்துவிட்டு விற்கும்போது யோசிக்கவே மாட்டேன், ஏனென்றால் இரண்டு மூன்று பருவம் தாண்டியும் நெக் நேராக இருக்கிறதா என்று அப்போது பார்த்தே வாங்கலாம்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால், ஒரே மாடலில் கடையில் இருக்கும் இரண்டு மூன்றையும் எடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். ஆலையில் வரும் கருவிகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், எடையிலேயே அரைக் கிலோ வரை மாறும். இணையத்தில் வாங்குவதானால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாக இருக்கட்டும், அனுப்புமுன் செட்டப் செய்து தருவார்களா என்று கேளுங்கள். விலை அதிகமான கருவிக்கு அதையும் செய்து தர மாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.