டோக்கியோவில் ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

கேள்வி: மே விடுமுறையில் 5, 9 வயதுப் பிள்ளைகளோடு ஒரு வாரம் ஜப்பான் வருகிறோம். டோக்கியோ, கியோட்டோ இரண்டிலும் ஒரு நாளைக்கு நாலு இடம் என்று என் கணவர் அட்டவணை போட்டுவிட்டார். டிஸ்னிலாண்டை விட்டுவிடலாமா?
*- ஒரு வாசகி, கோவை*

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 29-லிருந்து மே 5 வரை இங்கே அரசு விடுமுறைகள் நெருக்கமாக வரும். 'கோல்டன் வீக்' என்பார்கள். ஊரே குடும்பத்தோடு கிளம்பியிருக்கும். ஹோட்டல் வாடகை எகிறும், ஷின்கான்சென் புல்லட் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு வாரம் தள்ளி வந்தால் கூட்டம் வடிந்திருக்கும், டோக்கியோவில் மழைக்காலமும் தொடங்கியிருக்காது.

அப்புறம் அந்த அட்டவணை. நாலில் இரண்டை உங்கள் கணவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். மிச்ச இரண்டில் பிள்ளைகளுக்கானது காலையில், பெரியவர்களுக்கானது பிற்பகலில். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: காலையெல்லாம் கோயில், சாயங்காலம் "உனக்காகத்தான்டா" என்று மிருகக்காட்சிசாலை. அதற்குள் சின்னது தோளில் தூங்கிவிடும். ஊயெனோ மிருகக்காட்சிசாலையில் மாலை 4 மணிக்கு மேல் உள்ளேயும் விடமாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை வேறு.

டிஸ்னிலாண்ட்: பிள்ளைகள் கேட்டால் போங்கள். அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். கேட்காவிட்டால், அங்கே போகும் அதே கெய்யோ ரயில் லைனில் ஒரு ஸ்டேஷன் முன்னால் காசாய் ரிங்காய் பூங்காவில் இறங்கிவிடுங்கள். நான் நிஷி-காசாய்வாசி, சொந்தப் பேட்டையைப் புகழ்கிறேன் என்று நினைத்தாலும் சரி. 117 மீட்டர் உயர ராட்டினம், கடற்கரை, பெரிய சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிவரும் காட்சியகம் எல்லாம் அங்கேயே. (காட்சியகம் புதன்கிழமை மூடியிருக்கும்.)

பெரியவனோ பெரியவளோ ரயில் பைத்தியம் என்றால் எங்கள் பக்கத்து காசாய் ஸ்டேஷனில், தண்டவாளத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1927-இல் ஊயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மஞ்சள் பெட்டி அங்கே நிற்கிறது. ரயிலை ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் உண்டு. சாதாரண ரயிலிலும் முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். அடுத்த நாள் உங்கள் சின்னதும் அதையே செய்யும். ஓட்டுநரே இல்லாத யூரிகமோமே ரயிலை, அது கிளம்பும் ஷிம்பாஷியிலேயே பிடியுங்கள். முன் சீட்டுக்காக ஒரு ரயிலை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. ரெயின்போ பாலத்தில் ஏறும் முன் ஒரு முழு வட்டம் அடிக்கும்.

கியோட்டோவில் மூன்றாவது கோயிலோடு பிள்ளைகள் மக்கர் பண்ணுவார்கள். அரை நாள் பக்கத்து ஊரான நாராவுக்குப் போய்விடுங்கள். பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் மான்கள் திரிகின்றன. பிஸ்கட்டை நீட்டினால் தலையைக் குனிந்து வணங்கும். கொடுக்கத் தாமதித்தால் கடிக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், அதையும் மெல்லும்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். என் 4 வயது மகனுக்கும் அதே பழக்கம். சின்ன ரைஸ் குக்கர் கொண்டுவரலாமா?
*- ஒரு வாசகி, கும்பகோணம்*

பதில்: வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் குக்கரில் அரிசி ஊறும், வேகாது. கன்வீனியன்ஸ் கடைகளில் டப்பாவில் வெறும் சாதம் விற்கிறது. பல ஹோட்டல்களில் மைக்ரோவேவ் இருக்கும், இரண்டு நிமிடம் வைத்தால் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்து வாருங்கள். கறிவேப்பிலைக் கட்டு மட்டும் வேண்டாம். சான்றிதழ் இல்லாத பச்சை இலையை விமான நிலையத்தில் வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

வெளியே சாப்பிடும்போது கவனம். உடோன் நூடுல்ஸ், மீசோ சூப் எல்லாம் பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும்; சாறு பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்தது. ஓனிகிரி என்ற சோற்று உருண்டையில் உப்பு மட்டும் போட்டதைத் தேடுங்கள். உமே என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்ததிலும் சில சமயம் மீன் சாறு இருக்கும், போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாமியாருக்கு இட்லி ஏக்கம் தாங்காவிட்டால் இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் எங்கள் நிஷி-காசாய்க்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: ரயிலில் குழந்தைக்கு டிக்கெட் எப்படி? கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?
*- ஒரு வாசகர், சென்னை*

பதில்: 6 முதல் 11 வயது வரை அரைக் கட்டணம். அதற்குக் கீழே, பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தைகள் இலவசம். ஷின்கான்சென்னில் தனி சீட்டு கேட்டால் அரைக் கட்டணம்.

தொலைந்தால் பெரும்பாலான ஸ்டேஷன்களுக்குப் பக்கத்தில் 'கோபான்' என்ற சின்ன போலீஸ் சாவடி இருக்கும், நேரே அங்கே போங்கள். அவசர எண் 110. ஜப்பானிய மொழியில் அச்சடித்த ஹோட்டல் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்னால் உங்கள் போன் நம்பரை எழுதிப் பிள்ளையின் பாக்கெட்டில் போட்டுவையுங்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் ரயில் பக்கம் போகாதீர்கள். எங்கள் டோசாய் லைனில் அந்த நேரத்தில் பெரியவர்களே தொலைந்து போவார்கள்.