பச்சையான டீன் ஏஜ் காமெடிப் படங்களில் நடிப்பவர்களை நல்ல நடிகர்கள் என்று ஏற்கலாமா?

இதைக் கேட்டவர், அப்படியொரு படம் தமக்குப் பிடிக்கும் என்று நாலு பேர் முன்னால் சொல்லி மூக்குடைபட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அது நேர்ந்ததால்தான் எழுதுகிறேன்.

2001 கோடை விடுமுறை. பர்மா பஜாரில் வாங்கிய 'அமெரிக்கன் பை' (1999) விசிடியின் முதல் சிடியை, வீட்டில் யாருமில்லாத மதியத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதுவந்த மகனுக்கு 'அந்த மாதிரி' பத்திரிகைகளை வாங்கி வந்து, அவற்றைப் பற்றி விளக்கவும் முடியாமல், விளக்காமல் எழுந்து போகவும் முடியாமல் ஒரு தந்தை திண்டாடும் காட்சி. அந்த நேரத்தில், வங்கியிலிருந்து முன்னதாகவே திரும்பிவிட்ட என் அப்பா, கையில் டிபன் பையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். ரிமோட் சோபா உறையின் மடிப்புக்குள் எங்கோ போய்விட்டிருந்தது. அடி விழும் என்று காத்திருந்த என்னிடம், ஏறக்குறைய மூன்று நிமிடம் நின்று பார்த்த பிறகு, "அந்த அப்பாவா வர்றவர் யாருடா? நல்லா பண்றார்" என்று மட்டும் கேட்டுவிட்டு, கைகால் கழுவப் போய்விட்டார்.

அவர் யூஜின் லெவி. கூசவைக்கும் வசனத்தை ஒரு தொண்டைச் செருமலாலும் அடர்ந்த புருவத்தின் ஒரு நெளிவாலும் தந்தையின் பாசமாக மாற்றிவிடுவார். 'அமெரிக்கன் பை' வரிசையில் வந்த எட்டுப் படங்களில் அதே தந்தையாக வந்தவருக்கு, 2020இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்காகச் சிறந்த நடிகருக்கான எம்மி கிடைத்தபோதுதான் பலர் அவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. என் அப்பா 19 ஆண்டுகள் முந்திக்கொண்டார்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி விடிவதில்லை. அதே படத்தில் வாய்க்கொழுப்புப் பிடித்த ஸ்டிஃப்லராக நடித்த ஷான் வில்லியம் ஸ்காட், உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அப்படத்துக்குத் தமக்குக் கிடைத்தது 8,000 டாலர் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார்; இன்றுவரை அவரைப் பலரும் ஸ்டிஃப்லர் என்றே அடையாளம் சொல்கிறார்கள். மறுபுறம், 1982இல் வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' படத்தில் எந்நேரமும் போதையில் மிதக்கும் மாணவனாக வந்த ஷான் பென், சிறு வேடங்களில் தலைகாட்டிய ஃபாரஸ்ட் விட்டேக்கர், நிக்கோலஸ் கேஜ் ஆகிய மூவருமே பின்னாளில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார்கள். எம்மா ஸ்டோனின் முதல் திரைப்படமும் 2007இல் வந்த 'சூப்பர்பேட்' என்ற இதே ரகப் படம்தான்.

உடனே, இத்தகைய படங்கள் பெண்களைக் காட்டும் விதத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கிளம்புவார்கள். இல்லை. 'அமெரிக்கன் பை'யில் ஒரு பெண் உடை மாற்றுவதை அவளுக்குத் தெரியாமல் இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். அதற்காக ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுபவளும் அவளேதான். பதினெட்டு வயதில் அதற்குச் சிரித்தேன்; இப்போது முடியவில்லை. ஆனால் அது கதை எழுதியவரின் குற்றம். லெவியின் புருவத்தை அதற்காக ஏன் தண்டிக்க வேண்டும்?

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் திரைப்பட ரசனை வட்டம் ஒன்றில், நகைச்சுவை நடிப்பைப் பற்றிய திரையிடலுக்கு இந்தப் படத்தை முன்மொழிந்தேன். பொறுப்பாளர் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டு, "இதையெல்லாம் அப்பாவோடு பார்க்க முடியுமா, சார்?" என்று கேட்டார், கூடமே சிரித்தது. பார்த்திருக்கிறேன், அவர் நின்றுகொண்டிருந்தார் என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை.